வயது 1380 கோடி ஆண்டு, குறுக்களவு 9300 கோடி ஒளியாண்டு: இரண்டும் எப்படிச் சரியாகும்?

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் தாங்கள், ஒரு மாணவி கேட்டதாக எழுதியிருக்கும் கேள்வி இதுதான். பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு என்று அவள் படித்திருக்கிறாள். காணக்கூடிய பிரபஞ்சத்தின் குறுக்களவு 9300 கோடி ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு) என்றும் படித்திருக்கிறாள். ஒளியை மிஞ்சிய வேகம் எதற்கும் இல்லையென்றால், இரு பக்கமும் 1380 கோடி வீதம் 2760 கோடி ஒளியாண்டுக்கு மேல் அது எப்படி வளர்ந்திருக்க முடியும் என்பது அவளுடைய ஐயம். அதோடு, பிரபஞ்சத்தின் தொடக்கம் என்று சொல்லப்படும் பெருவெடிப்பு எந்த இடத்தில் நிகழ்ந்தது என்றும் அதற்கு முன் என்ன இருந்தது என்றும் கேட்டிருக்கிறாள். இவை மூன்றும் ஒரே இடத்தில் வேர் கொண்டவை. அளவு என்று சொல்லும்போது எதன் அளவைச் சொல்கிறோம், தொடக்கம் என்று சொல்லும்போது எதன் தொடக்கத்தைச் சொல்கிறோம் என்பதே அவள் உண்மையில் கேட்டிருப்பது. அந்தப் பெண்ணின் கணக்கில் தவறு எதுவும் இல்லை. கணக்குக்கு அடியில் அவள் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு கருத்துதான் திருத்தப்பட வேண்டியது.

மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். முதுகலை மாணவர்களுக்குச் சார்பியலும் வானியற்பியலும் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பிரபஞ்சவியலில் நேரடியாக ஆய்வு செய்தவன் அல்லன். ஆகவே நான் சொல்வதை, ஆய்வாளர்களின் முடிவுகளைத் தொடர்ந்து படித்து எடைபோட்டுவரும் ஓர் ஆசிரியரின் விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். எது உறுதியானது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிட்டுச் செல்கிறேன்.

முதலில் எண்களின் முரண். அந்த மாணவி, வெளி என்பது அசையாத ஒரு பெரிய மைதானம் என்றும், விண்மீன்திரள்கள் அந்த மைதானத்தில் ஒரு மூலையிலிருந்து ஓடத் தொடங்கியவை என்றும் எண்ணிக் கணக்கிட்டிருக்கிறாள். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் காட்டும் படம் அதுவன்று. விண்மீன்திரள்கள் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றுக்கு இடையிலான வெளி நீண்டுகொண்டே போகிறது. ஒளி அந்த வெளியைக் கடந்து வந்துகொண்டிருக்கும்போதே, அது விட்டுவந்த பாதையும் நீள்கிறது, இனிக் கடக்க வேண்டிய பாதையும் நீள்கிறது. எனவே ஒரு தொலைதூரப் பொருளைப் பற்றிப் பேசும்போது மூன்று எண்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: ஒளி புறப்பட்ட அன்று அந்தப் பொருள் எவ்வளவு தொலைவில் இருந்தது, ஒளி எத்தனை ஆண்டு பயணித்தது, அந்தப் பொருள் இன்று எவ்வளவு தொலைவில் இருக்கிறது. அசையாத மைதானத்தில் இம்மூன்றும் ஒன்றே. விரியும் வெளியில் மூன்றும் வெவ்வேறு.

ஓர் உண்மையான எடுத்துக்காட்டைத் தருகிறேன். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்டறிந்த மிகத் தொன்மையான விண்மீன்திரள்களுள் ஒன்று, ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற பட்டியல் பெயர் கொண்டது. பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 30 கோடி வயதானபோது அதிலிருந்து புறப்பட்ட ஒளி, 1350 கோடி ஆண்டு பயணித்து இப்போது நம்மை வந்தடைகிறது. அந்த ஒளி புறப்பட்ட அன்று அத்திரள் நம் இருப்பிடத்திலிருந்து சுமார் 220 கோடி ஒளியாண்டுத் தொலைவில்தான் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் வெளி ஏறத்தாழ 15 மடங்கு நீண்டுவிட்டதால், இன்று அது ஏறத்தாழ 3400 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 220 கோடி ஒளியாண்டைக் கடக்க ஒளிக்கு ஏன் 1350 கோடி ஆண்டு ஆயிற்று? தொடக்க காலத்தில் வெளி மிக விரைவாக விரிந்ததால், நம்மை நோக்கி வந்த ஒளியே சில காலம் நம்மைவிட்டு அப்பால் இழுத்துச் செல்லப்பட்டது. விரிவின் வேகம் தணிந்த பிறகுதான் அது நம் பக்கம் முன்னேற முடிந்தது.

இதே கணக்கைப் பார்வையின் எல்லை வரை கொண்டுசென்றால் இன்னும் வியப்பான விடை கிடைக்கிறது. நாம் காணக்கூடிய மிகப் பழைய ஒளி, பிரபஞ்சத்துக்கு 3,80,000 ஆண்டு வயதானபோது புறப்பட்டது. அதை உமிழ்ந்த பொருள் அன்று நம்மிடமிருந்து வெறும் 4.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்தது. இன்று அதே பொருள் 4500 கோடி ஒளியாண்டுக்கும் சற்று அப்பால் இருக்கிறது. அதாவது, இன்று வெகு தொலைவில் இருப்பது, ஒளியை அனுப்பிய அன்று மேற்சொன்ன விண்மீன்திரளைவிட மிக அருகில் இருந்திருக்கிறது. தொடக்கத்திலிருந்தே தடையின்றி ஒளி பயணித்திருந்தால் எட்டியிருக்கும் எல்லையைக் கணக்கிட்டால் 4650 கோடி ஒளியாண்டு வருகிறது. அதை இரட்டித்தால் அந்த மாணவி படித்த 9300 கோடி. எனவே 1380 கோடி என்பது காலத்தைப் பற்றிய விடை, 9300 கோடி என்பது இன்றைய தொலைவைப் பற்றிய விடை. இரண்டும் ஒரே சமன்பாடுகளிலிருந்து, ஒரே அளவீடுகளைக் கொண்டு பெறப்பட்டவை. ஒன்று சரியென்றால் மற்றதும் சரி.

ஒளியின் வேக வரம்பு என்னவாயிற்று என்று அவள் விடாமல் கேட்பாள், கேட்க வேண்டும். ஒரே இடத்தில் ஒன்றையொன்று கடந்து செல்லும் பொருள்களில் எதுவும் ஒளியை முந்த முடியாது என்பதே அந்த வரம்பு. வெகு தொலைவில் உள்ள இரு திரள்களுக்கு நடுவே வெளி நீளும் வீதத்துக்கு அது பொருந்தாது. இன்றைய நிலையில் ஏறத்தாழ 1450 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள எல்லாத் திரள்களும் ஒளியைவிட விரைவாக நம்மிடமிருந்து விலகுகின்றன. முன்சொன்ன பழைய ஒளியை உமிழ்ந்த பொருளோ மூன்று மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் விலகுகிறது. அங்கே வாழும் யாரும் தம் அருகில் ஒளியை முந்தும் எதையும் காண மாட்டார்கள்.

இவ்வளவையும் எதை நம்பிச் சொல்கிறோம் என்று கேட்டால், விண்மீன் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையை நம்பித்தான். நம் ஊருக்கு மேற்கே மலைமேல் இருக்கும் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909ஆம் ஆண்டு ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் சிறிதளவு இடம் மாறியிருப்பதை அளந்து, அங்கே வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். கோடு இடம் மாறுவதை அளந்து இயக்கத்தை அறியும் இந்த உத்தியையே சில ஆண்டுகளில் அமெரிக்காவின் அரிசோனாவில் வெஸ்டோ ஸ்லைஃபர், மங்கிய மேகம்போல் தெரியும் சுருள் வடிவ நெபுலாக்களின்மீது பயன்படுத்தினார். 1912இல் அவர் அளந்த ஆந்த்ரோமெடா என்னும் நெபுலா நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆனால் 1917க்குள் அவர் அளந்த 25இல் 21 நம்மைவிட்டு விலகுவதாகத் தெரிந்தது. அவை எவ்வளவு தொலைவில் உள்ளன என்பது மட்டும் அப்போது தெரியவில்லை. சூரியன் அடங்கிய நம் விண்மீன்திரளான பால்வெளிக்கு உள்ளேயே இருக்கும் மேகங்களா, பால்வெளியைப் போன்ற தனித் திரள்களா என்று 1920இல்கூட அறிஞர்கள் மேடையேறி வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாதத்தை முடித்துவைத்த திறவுகோலை அளித்தவர் அமெரிக்க வானியலாளர் ஹென்ரியேட்டா லீவிட். பால்வெளிக்கு அருகில் உள்ள சிறு திரளான சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள செஃபீட் என்னும் மாறுவிண்மீன்கள், எவ்வளவு மெதுவாகத் துடிக்கின்றனவோ அவ்வளவு உண்மை ஒளிர்வு கொண்டவை என்ற தொடர்பை அவர் 1912இல் நிறுவினார். துடிப்பின் காலத்தை அளந்தால் உண்மை ஒளிர்வு தெரியும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளிர்வோடு அதை ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும். இதைக் கொண்டு எட்வின் ஹப்பிள் 1923இல் ஆந்த்ரோமெடாவில் ஒரு செஃபீடைக் கண்டு, அது பால்வெளிக்கு வெகு அப்பால் இருப்பதை நிலைநாட்டினார். இன்றைய மதிப்பு 25 லட்சம் ஒளியாண்டு. மார்கழித் தொடக்கத்தில், வானம் தெளிந்த நாளில், இரவு ஏழரை மணியளவில் அழகர்மலைக்கு அப்பால் ஊர் விளக்குகள் குறைந்த இடத்தில் வடக்கு நோக்கி நின்றால், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் மங்கிய வெண்புகைத் திட்டாக அதை வெறுங்கண்ணால் காணலாம். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். தொலைநோக்கி எதுவும் வேண்டாம். இருட்டு மட்டும் வேண்டும்.

தொலைவும் விலகு வேகமும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் இருப்பதை ஹப்பிள் 1929இல் வெளியிட்டார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே விரியும் பிரபஞ்சம் கிடைக்கிறது என்பதை ரஷ்யாவில் அலெக்சாந்தர் ஃப்ரீட்மன் 1922இலும், பெல்ஜியத்தில் ஜார்ஜ் லெமெய்த்ர் 1927இலும் காட்டியிருந்தார்கள். லெமெய்த்ர் அன்றே கிடைத்த அளவீடுகளைக் கொண்டு விரிவு வீதத்தையும் கணக்கிட்டுவிட்டார். ஆனால் அவருடைய கட்டுரை பிரெஞ்சு மொழியில், பலர் படிக்காத ஓர் இதழில் வந்ததால், உரிய மதிப்பு அவருக்கு வெகு காலம் கிட்டவில்லை. வகுப்பில் ஹப்பிளின் பெயரைச் சொல்லும்போது இவர்கள் பெயர்களையும் லீவிட், ஸ்லைஃபர் பெயர்களையும் சேர்த்தே சொல்வது முறை என்று கருதுகிறேன்.

இனி, வெடிப்பு எங்கே நிகழ்ந்தது என்ற கேள்வி. மதுரைப் பரோட்டாக் கடையில் எண்ணெய் தடவிய மேடையில் மாவை வீசி விரிப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். மாவின்மேல் அங்கங்கே சில எள் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாவு விரியும்போது எந்த எள்ளின் இடத்திலிருந்து பார்த்தாலும் மற்றவை எல்லாம் தன்னைவிட்டு விலகுவதாகவே தெரியும். இரு மடங்கு தொலைவில் உள்ளது இரு மடங்கு வேகத்தில் விலகும். ஹப்பிள் கண்ட விகிதம் இதுவே. நம்மை எல்லாம் விட்டு விலகுவதால் நாம் நடுவில் இருக்கிறோம் என்று முடிவுகட்ட முடியாது. எல்லாருக்கும் அப்படியே தெரியும். ஒப்புமை இந்த அளவோடு நின்றுவிடும். மாவுக்கு விளிம்பும் நடுவும் உண்டு, அது விரிவதற்குச் சுற்றிலும் மேடை உண்டு. பிரபஞ்சத்துக்கு இவை எவையும் இருக்க வேண்டும் என்று சமன்பாடுகள் கேட்பதில்லை, அளவீடுகளும் காட்டவில்லை. எனவே வெடிப்பு நிகழ்ந்த இடம் என்று விரல் நீட்டிக் காட்ட ஓர் இடமும் இல்லை. பழைய வெப்ப நிலை எல்லா இடத்திலும் ஒருங்கே நிலவியது. மேலூரும், ஆந்த்ரோமெடாவும், அந்தப் பழைய விண்மீன்திரளும் அதற்குள்தான் இருந்தன. வெளி விரிகிறதே, மேலூருக்கும் மதுரைக்கும் இடையிலான தொலைவும் கூடுமா என்று ஒரு பிள்ளை கேட்டால், கூடாது என்று உறுதியாகச் சொல்லலாம். பூமியும் சூரியக் குடும்பமும் பால்வெளியும் தத்தம் விசைகளால் கட்டுண்டவை. திரள்கூட்டங்களுக்கு இடைப்பட்ட பெருவெளியில்தான் விரிவு செயல்படுகிறது. ஆந்த்ரோமெடா நம்மை நெருங்கி வருவதும் அத்தகைய ஈர்ப்புக் கட்டினால்தான்.

விரிவை ஒப்புக்கொண்டவர்கள் அனைவரும் வெப்பமான தொடக்கத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1948இல் ஃப்ரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகியோர், பிரபஞ்சம் விரிய விரியப் புதிய பொருள் சிறிது சிறிதாகத் தோன்றி இடைவெளியை நிரப்புகிறது, ஆகவே அதற்குத் தொடக்கமே இல்லை என்ற நிலைபேற்றுக் கொள்கையை முன்வைத்தார்கள். நம் நாட்டின் ஜெயந்த் நார்லிகர் கேம்பிரிட்ஜில் ஹாயிலின் மாணவராக இருந்து, புணேயில் வானியலுக்கான பல்கலைக்கழகங்களிடை மையத்தை உருவாக்கி, 2025இல் மறையும்வரை மாற்றுக் கருத்துகளின் பக்கம் நின்றவர். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் பெரும்பான்மைக் கருத்தைச் சான்றுகளின் முன் மீண்டும் மீண்டும் நிறுத்திக் கேள்வி கேட்ட அவர் பணியை மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். எத்தகைய சான்று அமைந்தால் ஒரு கொள்கையைக் கைவிட வேண்டும் என்ற தெளிவு அத்தகைய விவாதங்களால்தான் பிறந்தது.

நிலைபேற்றுக் கொள்கையைப் பெரும்பாலோர் கைவிடச் செய்த சான்று 1965இல் கிடைத்தது. நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் வானொலி ஆன்டெனா ஒன்றில் எந்தத் திசையில் திருப்பினாலும் குறையாத ஓர் இரைச்சலைக் கண்டார்கள். அது வானம் முழுவதும் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சு; இதையே பின்புலக் கதிர்வீச்சு என்கிறோம். அதன் வெப்பநிலை 2.725 கெல்வின், அதாவது இயலக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைக்கு 2.725 பாகை மேலே. ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948இலேயே ஏறத்தாழ 5 கெல்வின் அளவில் இத்தகைய கதிர்வீச்சு எஞ்சியிருக்க வேண்டும் என்று கணித்திருந்தார்கள். இதன் தோற்றத்தை விளக்கும்போது நம் நாட்டு இயற்பியலாளர் மேக்நாத் சாஹாவை நினைவுகூராமல் இருக்க முடியாது. எந்த வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் அணுவைவிட்டுப் பிரியும், எந்த நிலையில் சேரும் என்பதற்கு அவர் 1920இல் தந்த சமன்பாட்டைப் பிரபஞ்சத்தின் அடர்த்திக்குப் பொருத்தினால், ஏறத்தாழ 3000 கெல்வினுக்குக் குளிரும்போது எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்களாகும் என்ற விடை வருகிறது. அதுவரை எலக்ட்ரான்களில் மோதிச் சிதறிக்கொண்டிருந்த ஒளி, அதன்பின் தடையின்றிச் செல்லத் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை வெளி ஏறத்தாழ 1100 மடங்கு நீண்டிருக்கிறது. ஒளியின் அலைநீளமும் அதே அளவு நீண்டு, 3000 கெல்வின் ஒளி இன்று 2.7 கெல்வின் நுண்ணலையாகிவிட்டது. 1989இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் இதன் நிறமாலையை அளந்தபோது, கோட்பாடு வரைந்த வளைகோட்டின்மீது புள்ளிகள் அப்படியே அமர்ந்தன. இயற்கையில் அளக்கப்பட்ட வெப்பக் கதிர்வீச்சு நிறமாலைகளில் இதைவிடத் துல்லியமானதை நான் கண்டதில்லை.

இன்னொரு சான்று வேதியியல் சார்ந்தது. தொடக்கத்தின் முதல் சில நிமிடங்களில் அணுக்கரு வினைகள் நடந்திருந்தால் சாதாரணப் பொருளின் நிறையில் ஏறத்தாழ 25 விழுக்காடு ஹீலியமாக இருக்க வேண்டும். விண்மீன்கள் அதிகம் கலப்படம் செய்யாத பழைய வாயு மேகங்களை எங்கே அளந்தாலும் அந்த விகிதமே கிடைக்கிறது. கன ஹைட்ரஜனான டியூட்டிரியத்தின் மிகச் சிறிய அளவும் ஒத்துப்போகிறது. லித்தியம் மட்டும் கணித்ததில் மூன்றில் ஒரு பங்களவே பழைய விண்மீன்களில் காணப்படுகிறது. அந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. ஆயினும் விரிவு, பின்புலக் கதிர்வீச்சு, ஹீலிய விகிதம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சாராத வழிகளில் ஒரே முடிவுக்கு வருவதால், பிரபஞ்சம் ஒரு காலத்தில் மிகச் சூடாகவும் மிக அடர்த்தியாகவும் இருந்து விரிந்து குளிர்ந்தது என்பதைத் தயக்கமின்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

வயதைப் பற்றி ஒரு செய்தி. ஹப்பிள் முதலில் கணித்த விரிவு வீதம் இன்றைய மதிப்பைவிட ஏழு மடங்கு பெரியது. அதன்படி பிரபஞ்சத்துக்கு 200 கோடி வயதுதான் வந்தது. கதிரியக்கத்தால் கணித்த பாறைகளின் வயது அதைவிட அதிகமாக இருந்ததால் அது பெரும் முரணாக நின்றது. செஃபீட் விண்மீன்களில் இரு வகை உண்டு என்று வால்டர் பாடே 1952இல் காட்டிய பிறகே தொலைவுகள் ஏறத்தாழ இரட்டித்தன. பின்வந்த திருத்தங்களால் முரண் மறைந்தது. பின்புலக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகளிலிருந்து இன்று பெறப்படும் வயது 1379 கோடி ஆண்டு. மிகப் பழைய விண்மீன்கூட்டங்களின் வயது 1200 முதல் 1350 கோடிக்குள் அமைவது இதற்குத் தனிப்பட்ட உறுதி தருகிறது.

ஆனால் இங்கேயே ஒரு மெய்யான ஐயமும் இருக்கிறது. பின்புலக் கதிர்வீச்சைக் கொண்டு கணித்தால் இன்றைய விரிவு வீதம், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் நொடிக்கு 67.4 கிலோமீட்டர் என்று வருகிறது. செஃபீட்களையும், வெடித்துச் சிதறும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களையும் கொண்டு ஆடம் ரீஸ் குழுவினர் நேரடியாக அளந்தால் 73 வருகிறது. இரு தரப்பும் சொல்லும் பிழை எல்லைகள் ஒன்றையொன்று தொடவில்லை. செந்நிறப் பெருவிண்மீன்களைப் பயன்படுத்தி வெண்டி ஃப்ரீட்மன் குழுவினர் அளந்தது இரண்டுக்கும் நடுவே, 70ஐ ஒட்டி அமைந்தது. மற்றவற்றை மாற்றாமல் 73ஐ மட்டும் ஏற்றால் வயது 1270 கோடி வரை இறங்கும். அப்போது பழைய விண்மீன்கள் இடிக்கும். அளவீட்டில் ஏதோ நுட்பமான குறை இருக்கும் என்பதே என் சாய்வு. இயற்பியலில் புதிதாக ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நம்புவோரின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இதே போன்றதுதான் இருண்ட ஆற்றல் பற்றிய கேள்வியும். விரிவு முடுக்கம் பெறுகிறது என்று 1998இல் இரு குழுக்கள் சூப்பர்நோவாக்களைக் கொண்டு கண்டறிந்தன; அந்த முடுக்கத்துக்குக் காரணமாகக் கருதப்படுவதையே இருண்ட ஆற்றல் என்கிறோம். அந்தக் கண்டுபிடிப்புக்கு 2011இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிரபஞ்சத்தின் ஆற்றலில் சாதாரணப் பொருள் 5 விழுக்காடு, ஒளி உமிழாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் இருண்ட பொருள் 27, இருண்ட ஆற்றல் 68 என்ற கணக்கு நன்றாகப் பொருந்துகிறது; ஆனால் பின்னிரண்டும் எவற்றால் ஆனவை என்பது ஒருவருக்கும் தெரியாது. இருண்ட ஆற்றல் மாறாத ஒன்றன்று, காலப்போக்கில் குறைகிறது என்பதற்கான குறிப்புகள் திரள்களின் பரவலை அளக்கும் அரிசோனாவின் டெசி கருவி 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகளில் தென்படுகின்றன. அவை குறிப்புகளே, கண்டுபிடிப்பு என்று சொல்லும் வலிமையை அவை இன்னும் எட்டவில்லை.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெருவெடிப்பைப் பொய்யாக்கிவிட்டது என்று காணொளிகளில் சொல்லப்படுவதை மாணவர்கள் கொண்டுவருவார்கள். அந்தத் தொலைநோக்கி எதிர்பார்த்ததைவிட ஒளி மிகுந்த, வளர்ச்சியடைந்த திரள்களைத் தொடக்க காலத்தில் கண்டது உண்மை. அது விண்மீன்களும் திரள்களும் எவ்வளவு விரைவில் உருவாகும் என்ற நம் புரிதலைத் திருத்துகிறது. விரிவையோ பின்புலக் கதிர்வீச்சையோ அது அசைக்கவில்லை.

முழுப் பிரபஞ்சத்தின் அளவுக்கு வருகிறேன். 9300 கோடி ஒளியாண்டு என்பது நம் பார்வை எட்டும் பகுதியின் அளவு மட்டுமே. கரையில் நிற்பவரின் தொடுவானம் கடலின் முடிவாகாது. வெளியின் வளைவை அளந்தால் முழு அளவைப் பற்றி ஓரளவு சொல்லலாம். பிளாங்க் அளவீடுகளும் திரள்களின் பரவல் பற்றிய அளவீடுகளும் சேர்ந்து, ஆயிரத்தில் சில பங்கு துல்லியத்துக்குள் வெளி தட்டையானது, அதாவது பள்ளியில் படிக்கும் வடிவியல் அப்படியே பொருந்துவது என்று காட்டுகின்றன. முற்றிலும் தட்டையென்றால் அது முடிவற்றதாக இருக்கலாம். அளவீட்டின் பிழைக்குள் மறையும் அளவுக்குச் சிறு வளைவு கொண்ட மூடிய கோள வடிவம் என்று வைத்துக்கொண்டாலும், அதன் கொள்ளளவு நாம் காணும் பகுதியைப் போல நூறு மடங்குக்கும் அதிகமாகவே இருந்தாக வேண்டும். தட்டையான வெளியே தன்னோடு தான் இணைந்து மூடியிருக்கக் கூடும் என்ற இன்னொரு வாய்ப்பும் உண்டு. அப்படியானால் பின்புலக் கதிர்வீச்சில் ஒரே வட்டம் இரு திசைகளில் தெரிய வேண்டும். தேடிப் பார்த்ததில் அகப்படவில்லை. முடிவுள்ளதா முடிவற்றதா என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அவர் அளவீட்டைத் தாண்டிப் பேசுகிறார்.

கடைசியாக, அதற்கு முன் என்ன என்ற கேள்வி. முதல் நொடியிலிருந்து நடந்ததை ஆய்வகத்தில் சோதித்த இயற்பியலைக் கொண்டு விளக்க முடியும். அதற்கும் முன், ஒரு நொடியைக் கோடி கோடியாய்ப் பகுத்தாலும் மிஞ்சாத மிகச் சிறு நேரத்தில், வெளி திடீரெனப் பன்மடங்கு வீங்கியது என்று ஆலன் கூத் 1981இல் வெளியிட்ட கொள்கை சொல்கிறது. வானத்தின் எதிரெதிர்த் திசைகள் ஒரே வெப்பநிலையில் இருப்பதையும், வெளி தட்டையாக இருப்பதையும், பின்புலக் கதிர்வீச்சில் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் காணப்படும் ஏற்றத்தாழ்வுகளின் பாங்கையும் அது நன்றாக விளக்குகிறது. ஆனால் அந்த வீக்கம் எழுப்பியிருக்க வேண்டிய ஈர்ப்பலைகளின் (வெளியிலேயே பரவும் அதிர்வுகளின்) தடம் இன்னும் கிடைக்கவில்லை. 2014இல் தென்துருவத்திலிருந்து பைசெப்2 குழு கண்டதாக அறிவித்தது, பால்வெளியின் தூசியால் விளைந்தது என்று மறு ஆண்டே தெரிந்தது. எனவே வீக்கக் கொள்கையை நல்ல சான்று கொண்ட கருதுகோள் என்ற அளவில் சொல்லுங்கள். வெப்பத் தொடக்கத்துக்கு உள்ள உறுதி இதற்கு இல்லை.

அதற்கும் அப்பால் போனால் கணிதமே நின்றுவிடுகிறது. கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி 1955இல் வெளியிட்ட சமன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, ரோஜர் பென்ரோசும் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் 1970க்குள் காட்டியது, பொதுச் சார்பியலை மட்டும் நம்பிப் பின்னோக்கிச் சென்றால் அடர்த்தி எல்லையின்றிப் பெருகும் ஓர் இடத்தில் முட்டுவோம் என்பது. அதைப் பலர் பிரபஞ்சம் பிறந்த கணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான இயற்பியலாளர்கள் அதை, ஈர்ப்பையும், அணு அளவிலான உலகை ஆளும் குவாண்டம் விதிகளையும் இணைக்கும் கோட்பாடு தேவைப்படும் இடம் என்றே வாசிக்கிறார்கள். நானும் அப்படியே கருதுகிறேன். அங்கே காலமே தொடங்கியிருக்கலாம். முன்பிருந்த ஒரு பிரபஞ்சம் சுருங்கி மீண்டும் விரிந்திருக்கலாம். முடிவின்றி வீங்கும் பெருவெளியில் நம்முடையது ஒரு பகுதியாகப் பிரிந்திருக்கலாம். மூன்றுக்கும் ஆர்வமூட்டும் கணக்குகள் உண்டு, எதற்கும் தீர்ப்பான சான்று இல்லை. அந்த மாணவியிடம், 1380 கோடி ஆண்டு என்பது அந்தச் சூடான அடர்ந்த நிலையிலிருந்து எண்ணப்பட்ட காலம் என்று சொல்லுங்கள். அந்த நிலைக்கு முன் ஏதேனும் இருந்ததா என்பதற்கு இன்று யாரிடமும் விடை இல்லை என்பதையும் அதே உறுதியோடு சொல்லுங்கள். அவள் கணக்கில் ஆர்வம் உள்ளவளாகத் தெரிகிறாள். மேல்நிலை வகுப்பில் வகை, தொகை நுண்கணிதம் படித்த பிறகு, விரிவை விவரிக்கும் அலெக்சாந்தர் ஃப்ரீட்மனின் சமன்பாட்டைக் கையால் தீர்த்து 4650 கோடி என்ற எண்ணை அவளே வருவித்துக்கொள்ள முடியும். அந்தக் கட்டம் வரும்போது எழுதுங்கள். படிப்படியாகச் செய்துகாட்டும் குறிப்பை அனுப்புகிறேன்.